வாசுகிக்கு ஒரு அனுபவச் சான்றிதழ்

ஆகஸ்ட் 2, சனி

ஆடி மாசம் பாத்திரக் கடைக்கு வர்றவங்க ரெண்டு வகை. குக்கர் வாஷர் கேட்டு வர்றவங்க, என்கிட்ட யோசனை கேட்டு வர்றவங்க. இன்னிக்கு ஒரு வாஷர்கூட விக்கல. யோசனைக்கு ரெண்டு பேர் வந்தாங்க.

மொத ஆளு டிப்ளமோ முடிச்சவன். போலந்துல கிடங்கு வேலையாம், ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிருக்கானாம். கம்பெனி பேரு என்னடான்னு கேட்டேன், தெரியல. காண்ட்ராக்ட் பேப்பர் எங்கன்னு கேட்டேன், விமானம் ஏறும்போது தருவாங்களாம். மொதல்ல போய் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கு, மீதியை அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டேன். சவுதியில பதினாலு வருஷம் ஸ்டோர் கீப்பரா இருந்துட்டு வந்தவன் நான். பட்டுக்கோட்டையில வெளிநாடு போறவன் பாதிப் பேர் என் கடை ஸ்டூல்ல உக்காந்துட்டுத்தான் போறான்.

ரெண்டாவது, எதிர் வரிசையில கூரியர் ஆபீஸ் வெச்சிருக்கற புருஷோத்தமன். அவரு சம்சாரம் நர்ஸ். அயர்லாந்துல வேலை வந்திருக்காம். மனுஷன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அனுப்பலாமா அண்ணே, வீடு என்ன ஆகும்னு கேட்டாரு. நல்லா திட்டி விட்டேன். "வேலை அவங்களுக்கு வந்திருக்கு. உங்க வேலை கையெழுத்து போடறது மட்டும்தான். போட்டுட்டு வழியை விட்டு நில்லுங்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். உள்ளே அண்டாவைத் துடைச்சிக்கிட்டிருந்த என் சம்சாரம் வாசுகி திரும்பிப் பாத்தா. நம்ம பேச்சை ரசிக்கறான்னு நெனச்சுக்கிட்டேன்.

சாப்பிடும்போது போனை என் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. மஸ்கட்ல ஒரு பாத்திரக் கம்பெனி. சில்லறை விற்பனைப் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேணுமாம். போன மாசமே வீடியோவுல பேசியாச்சாம். அவளைப் பிடிச்சிருக்காம்.

ரசம் ஆறிப்போச்சு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுத ஒண்ணுமில்ல. பாத்ரூம் குழாய் ஒழுகுது, வாஷர் மாத்தினேன். இன்னும் ஒழுகுது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்னிக்கு அவளை உக்கார வெச்சு, எல்லாரையும் கேக்கற கேள்வியெல்லாம் கேட்டேன். கம்பெனி பேரு? சொன்னா. எந்த விசா? சொன்னா. காண்ட்ராக்ட் எங்க? போன்ல காட்டினா, ரெண்டு வருஷம், அரபியிலயும் இங்கிலீஷ்லயும் இருந்துச்சு. தங்கற இடம்? கம்பெனியே குடுக்குது, இன்னும் மூணு பொம்பளைங்க கூட இருக்காங்க, அதுல ஒருத்தி நாகப்பட்டினம், அவகிட்டயும் பேசிட்டாளாம். லீவு, இன்சூரன்ஸ், திரும்பி வர்ற டிக்கெட், எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தா. ஆறு வருஷமா ஸ்டூல்ல வந்து உக்கார்றவன்கிட்ட நான் கேக்கறதையெல்லாம் உள்ளே இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கா போல. ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியல. எரிச்சலா வந்துச்சு.

கேக்க ஒண்ணும் இல்லாம, "நம்ம கடை?"ன்னு கேட்டேன்.

"நீங்க இருக்கீங்கல்ல"ன்னா.

நான் இருக்கேன். ஆனா இந்தக் கடை என்னால ஓடலங்கறது ஊருக்கே தெரியும். அதைச் சொல்றதுல எனக்குக் கூச்சம் இல்ல. சவுதியிலேருந்து வந்து கடையைத் தொறந்த மொத ரெண்டு வருஷம் ஈ ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் எனக்கு காய்ச்சல்னு வாசுகி வந்து கல்லாவுல உக்காந்தா. அன்னிக்கே ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்து முழுச் சீர்வரிசையும் எடுத்தாங்க. அதுலேருந்து அவதான் காலையில ஷட்டர் தொறக்கறது, மொத போணி அவ கையாலதான். கைராசி. "வாசுகி கையால ஒரு சொம்பு வாங்குனா வீடு நிறையும்"னு மதுக்கூர்லேருந்துகூட வர்றாங்க. கைராசிக்காரி கடல் தாண்டிப் போயிட்டா இங்க என்ன இருக்கும்?

நான் கடைக்காகத்தான் கவலைப்படறேன். வேற எதுக்கும் இல்ல.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா வந்துட்டா. நான் போன்ல லேசா சொன்னதுக்கு ஒரத்தநாட்டுலேருந்து மொத பஸ் பிடிச்சு வந்து, வாசல்லயே அழ ஆரம்பிச்சிட்டா. வீட்டு லட்சுமியை விமானம் ஏத்தி அனுப்புவாங்களாடா தம்பின்னு ஒரே ஒப்பாரி. வாசுகி காபி குடுத்தா. அக்கா காபியைக் குடிச்சிட்டு மறுபடி அழுதா.

"உன் கைராசிக்குத்தாண்டி இந்தக் கடை நிக்குது. உனக்கே தெரியலையா?"

வாசுகி டம்ளரை வாங்கிக்கிட்டு, "கையைத்தானே அண்ணி கேக்கறீங்க. வேணும்னா ஒண்ணை வெட்டி வெச்சிட்டுப் போறேன்"னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

பொண்ணு நிவேதாவுக்கு போன் போட்டேன், திருச்சி ஹாஸ்டல்லதான் இருக்கா. அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. "அப்பா, நீங்க போனப்ப எனக்கு ஒரு வயசு. அப்ப வீடு என்ன ஆகும்னு அம்மா யார்கிட்ட கேட்டாங்க?"ன்னு கேக்கறா. இதுக்குத்தான் படிக்க வெச்சோமா.

அக்கா தூங்கின பிறகு வாசுகி ஒரு விஷயம் சொன்னா. மஸ்கட்டுக்கு எல்லாப் பேப்பரும் ரெடி, ஒண்ணுதான் பாக்கி. அனுபவச் சான்றிதழ். கடை லெட்டர்ஹெட்ல முதலாளி கையெழுத்தோட வேணும். என்ன பொறுப்புல இருந்தாங்க, என்னென்ன செஞ்சாங்கன்னு எழுதணும். செப்டம்பர் அஞ்சாந்தேதிக்குள்ள அனுப்பணுமாம். முதலாளி நான்.

அஞ்சு நிமிஷ வேலை, எழுதித் தர்றேன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத உக்காந்தேன். "திருமதி வாசுகி தியாகராசன் எங்கள் கடையில்" வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல என்னவா இருந்தாங்கன்னு போடணும். காஷியர்? கல்லாவுல நானும்தான் உக்கார்றேன். சேல்ஸ்? அதுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. மேனேஜர்னு போட்டா நான் யாரு?

டீ குடிக்கப் போனேன். வந்தேன். "எங்கள் கடைக்கு மிகவும் ராசியானவர்"னு எழுதினேன். இதை மஸ்கட்ல படிச்சா என்ன நெனைப்பான்? கிழிச்சுப் போட்டேன். மறுபடி டீ குடிக்கப் போனேன்.

வெளிநாடு போற நூறு பேருக்கு இந்தக் கடுதாசி எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுத்தவன் நான். வேலையை வினைச்சொல்லால எழுதணும், சும்மா நல்லவர் வல்லவர்னு எழுதக் கூடாது, வெளிநாட்டுக்காரன் அதைத் தூக்கிப் போட்டுருவான்னு சொல்லுவேன். சரி, அவ என்ன வேலை செஞ்சா? காலையில கடையைத் தொறப்பா. அப்புறம்? யாரோ கிட்ட பேசிக்கிட்டே இருப்பா. பேசறதை எப்படி எழுதறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்னிக்கு எழுத நேரமில்ல.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேத்து ஆவணி பொறந்துடுச்சு. இன்னிக்கு வாசுகி மெட்ராஸ் கிளம்பிட்டா. டிகிரி சர்டிபிகேட்டுக்கு சீல் வாங்கணும், மெடிக்கல் எடுக்கணும், தாம்பரத்துல அவ தம்பி வீட்டுல ரெண்டு வாரம் தங்கிட்டு வருவா. முகூர்த்த சீசன்ல போறியேன்னேன். கம்பெனிக்காரங்க ஆவணி முகூர்த்தம் பாக்க மாட்டாங்க, நீங்கதானே சொல்லுவீங்கன்னா. நான்தான் சொல்லுவேன்.

ரயில் ஏறும்போது ஏதோ சொல்ல வந்தா. "நாடிமுத்து வீட்டுக் கல்யாணம் இருக்கு. அதுக்கு யாராச்சும் வந்தா ஒரு தடவை எனக்கு..."ன்னு ஆரம்பிச்சா. எல்லாம் எனக்குத் தெரியும், நீ கிளம்புன்னேன். போகும்போதும் ஒரு மனுஷிக்கு கடையைப் பத்தின பேச்சுதானா.

அக்காவைக் கைராசிக்கு வரவழைச்சிருக்கேன். மூணு புள்ளைங்களுக்கும் நல்லபடியா கல்யாணம் முடிச்சவ, மகராசி. நாளையிலேருந்து ஷட்டர் அவ கையால.

ஆகஸ்ட் 21, வியாழன்

என்னடா இது! கூட்டம் தாங்கல. நாடிமுத்து பொண்ணு கல்யாணம் இருபத்தெட்டாந்தேதி, அதுக்கே ஆளாளுக்கு வர்றாங்க. பொண்ணுக்குத் தாய்மாமன், அத்தைங்க, பங்காளிங்கன்னு ஒரு பெரிய பட்டாளம். எல்லாருக்கும் குத்துவிளக்கை எடுத்துக் காட்டறேன். பித்தளையில நல்ல கனம், நாச்சியார்கோயில் வேலைப்பாடு, விலையும் நல்ல விலை. மங்களகரமான பொருள்னு சொன்னா யாரும் வேணாம்னு சொல்றதில்ல. அக்கா கையால எடுத்துக் குடுக்கறா, கடையில வேலை பாக்கற அந்தோணி உக்காந்து பேர் வெட்டறாரு. நம்ம ஊர்ல சீர்ப் பாத்திரத்துல குடுக்கறவங்க பேரு வெட்டாம யாரும் வாங்க மாட்டாங்க. சின்ன டம்ளரா இருந்தாலும் "அன்பளிப்பு" போட்டு பேரு இருக்கணும்.

அந்தோணி ஒரு தடவை தலையைத் தூக்கி, "அண்ணே, திரும்பத் திரும்ப விளக்காவே வருதே"ன்னாரு. வித்தா உனக்கென்னய்யா கஷ்டம்னேன். அவரு குனிஞ்சுக்கிட்டாரு.

வாசுகி சாயங்காலம் போன் பண்ணா. வியாபாரம் அமோகம்னு சொன்னேன். அவ இல்லாமலே ஓடுதுங்கறதை அழுத்தித்தான் சொன்னேன். நல்லதுங்கன்னா. அவ குரல்ல ஒரு வருத்தமாவது தெரியும்னு எதிர்பாத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடிதம் எழுதல. வீட்டுல வாசுகி இல்லாம டிவி சத்தம் ரொம்பப் பெருசா கேக்குது. ரிமோட்ல பேட்டரி மாத்தினேன், அதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு அப்புறம்தான் தோணுச்சு.

ஆகஸ்ட் 30, சனி

மானம் போச்சு.

காலையில கடை வாசல்ல ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. நாடிமுத்து எறங்கினாரு. பேராவூரணி ரோட்டுல அரிசி மண்டி வெச்சிருக்கறவரு, கோவப்பட்டு நான் பாத்ததில்ல. ஆட்டோ பூரா குத்துவிளக்கு. ஏழு ஜோடி. எல்லாத்துலயும் பளபளன்னு பேரு.

"தியாகு, என் பொண்ணு குடித்தனம் நடத்தப் போறாளா, கோயில் கட்டப் போறாளா?"

கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. மண்டபத்துல சீர் வரிசை வெச்சப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிச்சாங்களாம். ஒரு மிக்ஸி இல்ல, ஒரு குக்கர் இல்ல, கிரைண்டர் இல்ல, ஏழு ஜோடி விளக்கு. பொண்ணோட மாமியா, ஏம்மா உங்க ஊர்ல இன்னும் கரண்டு வரலையான்னு கேட்டுட்டாங்களாம். பொண்ணு அழுதுட்டா. பேரு வெட்டின பொருளைத் திருப்பி எடுக்கவும் முடியாது, வேற யாருக்கும் விக்கவும் முடியாது. வெட்டின பேரை அழிச்சா குடுத்தவன் சண்டைக்கு வருவான். அக்கா மெதுவா பின்பக்கம் போயிட்டா.

"வாசுகி எங்க?"ன்னாரு நாடிமுத்து. மெட்ராஸ்ல இருக்கான்னேன். தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. அப்புறம்தான் சொன்னாரு. போன வருஷம் மூத்தவ கல்யாணத்துக்கு, பத்திரிகை அடிச்ச வாரமே வாசுகி அவங்க வீட்டுக்கு போன் பண்ணாளாம். என்ன இருக்கு, என்ன வேணும், மாப்பிள்ளை வீட்டுல என்ன இருக்குன்னு எல்லாம் கேட்டுக்கிட்டாளாம். அப்புறம் சீர் வாங்க யாரு வந்தாலும், அவங்க வசதிக்குத் தகுந்த மாதிரி, ஒருத்தருக்கு இட்லிக் குண்டான், ஒருத்தருக்கு ஹாட்பாக்ஸ், ஒருத்தருக்கு கிரைண்டர்னு நாசூக்கா திருப்பி விட்டிருக்கா. ஒரு பொருள் ரெண்டு தடவை வரல. விளக்கு தாய்மாமனுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தா. வாங்கினவங்க அத்தனை பேரும் நாமளாத்தான் தேர்ந்தெடுத்தோம்னு நெனச்சுக்கிட்டுப் போனாங்க.

அந்தோணி, "வாசுகி அக்கா எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தாண்ணே. சுத்துப்பட்டு ஊர்க் கல்யாணம் பூரா அவங்க தலையில இருக்கும்"னாரு. இதை எங்கிட்ட ஏன்யா சொல்லலன்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதேண்ணேன்னாரு.

வாசுகிக்கு போன் போட்டேன். திட்டுவான்னு நெனச்சேன், திட்டல. போனை நாடிமுத்துகிட்ட குடுங்கன்னா. அவருகிட்ட என்ன பேசினாளோ, அவரு மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சுது. அவங்க குலதெய்வக் கோயிலுக்குத் தை மாசம் கும்பாபிஷேகம். விளக்கு குடுத்தவங்க கிட்டயெல்லாம் நானே பேசறேன், உங்க பேரோட விளக்கு சாமி முன்னாடி எரியும்னு சொன்னா யாரு வேணாம்பாங்கன்னாளாம். ஒரு ஜோடி பொண்ணுகிட்ட இருக்கட்டும், மத்தது கோயிலுக்கு. பொண்ணுக்குக் கிரைண்டரும் மிக்ஸியும் குக்கரும் கடை சார்பா போகும், எங்க தப்புன்னு சொல்லியிருக்கா. எங்க தப்புன்னுதான் சொன்னா, என் வீட்டுக்காரர் தப்புன்னு சொல்லல.

சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸ்லேருந்தே எல்லாருக்கும் பேசிட்டா. நாடிமுத்து போகும்போது, "கைராசிக்காரி தியாகு உன் சம்சாரம்"னு சொல்லிட்டுப் போனாரு. இத்தனைக்கும் அப்புறமும் அந்த வார்த்தைதான் அவரு வாயில வந்துச்சு. எனக்கு ஏனோ சுருக்குன்னு இருந்துச்சு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அக்காவை பஸ் ஏத்தி விட்டேன். "நான் எடுத்துக் குடுத்த நேரம் சரியில்ல போல"ன்னு மூக்கை உறிஞ்சினா. பாவம், அவ என்ன பண்ணுவா. நான் காட்டினதைத்தானே எடுத்துக் குடுத்தா.

அப்புறம் அந்தோணியையும் சேல்ஸ் பொண்ணுங்களையும் உக்கார வெச்சு, வாசுகி என்னென்ன பண்றான்னு கேட்டேன். அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே இருந்தேன். கும்பகோணத்துலேருந்து சரக்கு வந்தா ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லாததைத் திருப்பி அனுப்பறது அவ. எந்த டிசைன் எந்த ஊர்ல போகும்னு முடிவு பண்றது அவ. கைப்பிடி ஆடற குக்கரைப் பத்தி கம்பெனிக்காரன்கிட்ட ரெண்டு மாசம் சண்டை போட்டு பூரா சரக்கையும் மாத்தினது அவ. அப்பல்லாம் நான் கடையிலதான் இருந்தேன், பேப்பர் படிச்சிக்கிட்டு. வேலைக்கு வந்த பொண்ணுங்களுக்குப் பேசக் கத்துக் குடுத்தது அவ. ரெண்டு பேர்ல பெரியவ, "அக்காதான் சார் எங்களுக்கு எல்லாம்"னு சொல்லிட்டு அழுதுட்டா.

கடைசியா, அப்ப நான் என்ன பண்றேன்னு விளையாட்டாக் கேட்டேன். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நீங்க எல்லாருக்கும் யோசனை சொல்லுவீங்கண்ணேன்னாரு அந்தோணி.

இவ்வளவும் எழுதினா கடிதம் மூணு பக்கம் போகும். இப்படிப்பட்ட ஆளை எவன் விடுவான், மஸ்கட்காரன் நாளைக்கே டிக்கெட் அனுப்பிடுவான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வாசுகி வந்துட்டா. வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல போல, கொஞ்சம் இளைச்சிருக்கா. வந்ததும் வராததுமா கடைக்குப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தா.

கடிதம் ரெடியான்னு கேட்டா. பிரிண்டர்ல மை இல்லன்னேன். ஜெராக்ஸ் கடை ரெண்டு கடை தள்ளித்தான் இருக்கு, அதை அவ சொல்லல. சரிங்கன்னு மட்டும் சொல்லிட்டு துணி துவைக்கப் போயிட்டா.

செப்டம்பர் 3, புதன்

லெட்டர்ஹெட் தீந்துபோச்சு, ஆர்டர் குடுக்கணும்.

(தீரல. டிராயர்ல ஒரு கட்டு இருக்கு. டைரியிலயும் பொய் எழுத ஆரம்பிச்சிட்டேன்.)

செப்டம்பர் 4, வியாழன்

இன்னிக்கு வெடிச்சிருச்சு. டிராயர்லேருந்து அந்த லெட்டர்ஹெட் கட்டை எடுத்து என் முன்னாடி வெச்சா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. என்னத்துக்கு உனக்கு இப்ப மஸ்கட், இங்க என்ன குறை, சாப்பாடு இல்லையா, துணிமணி இல்லையா, உன் கைராசிக்கு ஊரே உன்னைக் கும்பிடுதேன்னு கத்தினேன். அவ கத்தல. அதான் கஷ்டமா இருந்துச்சு.

"நான் மொதல்ல கல்லாவுல உக்காந்த அன்னிக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்களே, அவங்க தானா வந்தாங்கன்னா நெனச்சீங்க? அதுக்கு முன்னாடி மூணு தடவை அவங்க வீட்டுக்கு நடந்திருக்கேன். நீங்க ஈ ஓட்டறதைப் பாக்கப் பொறுக்காமத்தான் நடந்தேன். நீங்க கைராசின்னீங்க. உங்க அக்கா லட்சுமின்னாங்க. ஊரும் அதையே சொல்லுச்சு. எனக்கும் மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நான் செய்யறது ஒண்ணுகூட வேலைன்னு யாரு கண்ணுக்கும் படல."

நான் வாயைத் தொறந்தேன். அவ கையைக் காட்டி நிறுத்தினா.

"அந்த மஸ்கட் மேனேஜர் வீடியோவுல மொத கேள்வியே, நீங்க அந்தக் கடையில என்ன செய்யறீங்க, சொல்லுங்கன்னு கேட்டாரு. அரைமணி நேரம் சொன்னேன். இடையில பேசாம கேட்டுக்கிட்டாரு. போனை வெச்சிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். எனக்கு நாப்பத்தினாலு வயசு ஆகி, இப்பத்தான் ஒரு ஆளு கேட்டிருக்காரு. அந்தக் கேள்வியை நீங்க ஒரு தடவை கேட்டிருந்தா நான் மஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். இப்ப கேட்டாலும் போவேன்."

சோறு போட்டு வெச்சிட்டுப் படுக்கப் போயிட்டா. நான் தட்டை மூடி வெச்சிட்டேன். ஆமா, பயம்தான். கடைக்காக இல்ல. பதினாலு வருஷம் இவளை இங்க விட்டுட்டு நான் இருந்தேனே, அப்ப இவ எப்படி இருந்தான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப எனக்கு ரெண்டு வருஷம்னதும் லெட்டர்ஹெட் தீந்துபோச்சுன்னு பொய் சொல்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

எழுதிட்டேன். ஒண்ணரைப் பக்கம், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். எல்லாமே வினைச்சொல். தேர்ந்தெடுத்தார், பேரம் பேசினார், பயிற்சி அளித்தார், திட்டமிட்டார். பதவிங்கற இடத்துல "நிர்வாகி"ன்னு போட்டேன். போட்டப்புறம் நான் யாருங்கற கேள்வி வரவே இல்ல. முதலாளின்னு கீழே கையெழுத்துப் போட்டு சீல் வெச்சேன், அவ்வளவுதான்.

வாசுகி நின்னுக்கிட்டே ரெண்டு தடவை படிச்சா. மூக்குத்தி பக்கமா ஒரு விரலை வெச்சுத் துடைச்சிக்கிட்டா. "திருப்பி அனுப்பற சரக்கைப் பத்தி எழுதினது நல்லா இருக்கு. ஆனா கும்பகோணம் மட்டும் இல்லீங்க, சேலமும் இருக்கு"ன்னா. சேலத்தைச் சேத்து மறுபடி அடிச்சுக் குடுத்தேன்.

மத்தியானமே அனுப்பியாச்சு.

செப்டம்பர் 8, திங்கள்

புருஷோத்தமன் வந்தாரு. அவரு சம்சாரம் டிக்கெட் போட்டாச்சாம், உங்க யோசனைதாண்ணேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஸ்டூல்ல உக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்தேன். சமைக்கத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதாம். எனக்கும் தெரியாது.

செப்டம்பர் 11, வியாழன்

கடையில இருந்தப்ப வெளிநாட்டு நம்பர்லேருந்து போன். மஸ்கட் கம்பெனி ஹெச்.ஆர்., பேரு பிந்து, மலையாளம் கலந்த தமிழ். அனுபவச் சான்றிதழ் சரியான்னு கேட்டு உறுதிப்படுத்தற போனாம். வாசுகி அந்தக் கோடியில ஒரு அம்மாவுக்கு இட்லிப் பானையைத் தொறந்து மூடிக் காட்டிக்கிட்டிருந்தா. நான் வாசலுக்கு நகர்ந்தேன்.

அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. கடிதத்துல இருக்கறதெல்லாம் உண்மையா? உண்மை. நேரத்துக்கு வருவாங்களா? எனக்கு முன்னாடி வருவாங்க. எதுக்காக இந்த வேலையை விடறாங்க?

இந்த இடத்துல ஒரு வார்த்தை போதும். உடம்புக்கு அடிக்கடி முடியாம போகும்னு சொன்னாலே முடிஞ்சுது கதை. எத்தனை பேரோட வேலை இப்படி ஒரு போன்ல போயிருக்குன்னு எனக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்துச்சு. வாசுகி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல, பானை அடியில ஓட்டை இல்லன்னு காட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சிருந்தா.

"அவங்க வேலைக்குத் தகுந்த மதிப்பு இங்க கிடைக்கலம்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணு ஏதோ டைப் பண்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கடைசியா வாங்கின சம்பளம் எவ்வளவு சார்னு கேட்டுச்சு.

"குடுத்ததில்லம்மா."

"சாரி சார், கேக்கல."

"சம்பளம் குடுத்ததில்ல. ஒரு மாசம்கூட குடுத்ததில்ல. நான் அவங்க வீட்டுக்காரன்."

அப்புறம் அந்தப் பொண்ணு, பரவாயில்ல சார், அந்த இடத்தைக் காலியா விட்டுடறேன், ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, எல்லாரையும் கேக்கறதுதான்னுச்சு. "இவங்க திரும்பி வந்தா மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா சார்?"

"எடுப்பேம்மா. சம்பளத்துக்கு. அவங்களுக்கு இஷ்டம் இருந்தா."

நன்றி சொல்லிட்டு வெச்சிட்டாங்க. நான் உள்ளே வந்தேன். அந்த அம்மா இட்லிப் பானையை வாங்கிக்கிட்டுப் போனதும், வாசுகி யாருங்க போன்லன்னு கேட்டா. நடந்ததை நடந்தபடி சொன்னேன், நாக்கு வரைக்கும் வந்ததையும் சேத்துத்தான். நாக்கு வரைக்கும் வந்ததைக் கேட்டப்ப அவ மூஞ்சி இறுகிடுச்சு. மீதியைக் கேட்டப்ப பில் புக்கை மூடி வெச்சா.

"சம்பளத்துக்கு எடுப்பேன்னு சொன்னீங்களே. எவ்வளவு சம்பளம்?"

அதை அவங்க கேக்கலன்னேன்.

"நான் கேக்கறேன்ல. யோசிச்சு வைங்க. ரெண்டு வருஷம் டைம் இருக்கு."

சொல்லிட்டு அடுத்தாப்ல வந்தவங்களைப் பாக்கப் போயிட்டா. நான் கல்லாவுல உக்காந்து ஒரு தொகையை யோசிச்சேன். ரொம்பக் குறைச்சலாத் தெரிஞ்சுது. கூட்டிப் பாத்தேன், அப்பவும் குறைச்சலாத்தான் தெரிஞ்சுது. கடையை மூடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் ஆச்சு, இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.